டைமிங் கோளாறு: சென்சாரை மாற்றும் முன்

வண்டி இழுக்கவில்லை, ஐடிலில் நடுங்குகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது என்று பட்டறைக்குப் போனால் ‘டைமிங் அவுட்’ என்ற பேச்சு சீக்கிரமே வந்துவிடும். அதில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. வால்வுகள் திறந்து மூடும் நேரம் ஒன்று. அது பெல்ட் அல்லது செயினின் பொறுப்பு. பிளக்கில் பொறி விழும் நேரம் இன்னொன்று. இன்றைய கார்களில் அது இன்ஜினின் கணினியான ஈசியூவின் பொறுப்பு. எது பிசகியது என்று பார்க்காமல் கைவைத்தால் செலவுதான் மிச்சம்.

நம்பிக்கை: ஸ்கேனரில் சென்சார் பெயர் வந்தால் சென்சார்தான் போய்விட்டது.

உண்மை: எந்தக் கோட் என்று பாருங்கள். பி0335 கிராங்க் சென்சாரின் மின்சுற்றைக் குறிக்கும். பி0340 கேம் சென்சாருடையதை. அங்கும் ஒயரையும் கனெக்டரையும் பார்த்த பிறகே சென்சாருக்குப் போக வேண்டும். பி0016 வேறு ரகம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்றுதான் அது சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. இரண்டு சென்சாரும் நன்றாகவே இருக்க, பெல்ட் ஒரு பல் தாவியிருக்கலாம், செயின் நீண்டிருக்கலாம், வால்வு நேரத்தை ஓட்டத்துக்கேற்ப மாற்றும் விவிடி இன்ஜினில் ஆயில் கண்ட்ரோல் வால்வு கசடில் சிக்கியிருக்கலாம். ஆசிலோஸ்கோப்பில் இரண்டு சென்சார்களின் அலைகளையும் சேர்த்து ஓடவிட்டு, அதே இன்ஜினின் சரியான படத்தோடு ஒப்பிட்டால் கவரைக் கழற்றாமலே பிசகு தெரியும். அந்த வசதி இல்லையென்றால் கவரைத் திறந்து டைமிங் மார்க்கைப் பார்ப்பதே வழி.

நம்பிக்கை: ஸ்டார்ட் ஆகிறதே, அப்படியானால் டைமிங் சரிதான்.

உண்மை: ஒரு பல் தாவிய பிறகும் பல இன்ஜின்கள் ஓடும். கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல் இருந்தால், ஒரு பல் என்பது 18 டிகிரி. பிக்கப் குறையும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். வால்வு டைமிங் பிந்தியிருந்தால் வேக்குவம் கேஜின் முள் ஆடாமல், ஆனால் வழக்கத்தைவிடத் தாழ்ந்து நிற்கும்.

நம்பிக்கை: செயின் இன்ஜினுக்கு ஆயுள் முழுக்கக் கவலையில்லை.

உண்மை: கண்ணிகளின் பின்கள் தேயத் தேய செயின் நீளும். டென்ஷனரும் பெரும்பாலும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. ஆயிலைக் காலத்தில் மாற்றாதவர்களுக்கு இது சீக்கிரமே வரும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில விநாடி கடகடவென்று சத்தம் வந்து அடங்கினால் அதை விட்டுவிடாதீர்கள்.

நம்பிக்கை: நாக்கிங் வந்தால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.

உண்மை: அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்து வைத்தியம் அது. இப்போதைய பெட்ரோல் கார்களில் திருப்ப டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. நாக் சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியூவே பொறியைத் தள்ளிப்போடும். அதையும் மீறி நாக்கிங் வந்தால் பெட்ரோலின் தரம், கார்பன் படிவு, இன்ஜின் சூடு ஆகியவற்றைப் பாருங்கள்.

நம்பிக்கை: பெல்ட் அறுந்தால் புதுசு மாட்டி ஓட்டலாம்.

உண்மை: பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்ததும் திறந்து நிற்கும் வால்வைப் பிஸ்டன் மோதி வளைத்துவிடும். ஓடும்போது பட்டென்று நின்று, பிறகு செல்ஃப் அடித்தால் இன்ஜின் தடையே இல்லாமல் வேகமாகச் சுற்றுகிறதா? அதோடு நிறுத்துங்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். புது பெல்ட் மாட்டியதும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மார்க்குகள் மறுபடி சேர்கின்றனவா, எங்காவது இடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட். இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யலாம்.