நனைத்துப் பார்த்தாயா?

அன்பு மருமகளுக்கு,

சிமெண்ட் கலந்து இடித்த உன் மண் உருளை ஏழாம் நாள் நசுக்கும் எந்திரத்தில் நன்றாகத் தாங்கியது என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால் உடைப்பதற்கு முன் அதைத் தண்ணீரில் ஊறப்போட்டாயா என்று நீ எழுதவில்லையே.

சித்திரை வெயிலில் காய்ந்த கண்மாய்க் கட்டியைப் பார்த்திருப்பாய். ஒரு பிடி சிமெண்ட் இல்லாமலே அது சுத்தியலுக்கு மசியாது. அதையே வாளித் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் சேறு. ஆகவே காய்ந்த உருளையை உடைத்தால், தாங்கியது சிமெண்டா, வெறும் வறண்ட களியா என்று தெரியாது. மண் கற்களுக்கான ஐ.எஸ். 1725 தரநெறி கல்லை நனைத்த பிறகே நசுக்கச் சொல்வது இதனால்தான்.

எனக்கு இது பட்டுத்தான் புரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சுற்றுச்சுவருக்கு மண் கல் அறுத்தோம். காய்ந்த கல்லை நசுக்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்தான். ஐப்பசி மழை முடிந்தபோது அடி இரண்டு வரிசையும் நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தன. அந்த வீட்டுப் பாட்டி ஒரு சொல் கடிந்து பேசவில்லை. தினமும் காலையில் சுவரடியில் விழுந்த செம்மண்ணைப் பெருக்கி ஒரு கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். அந்தக் கூடையை நான் இன்னும் மறக்கவில்லை.

நனைத்து உடைப்பதும் பாதிக் கிணறுதான். சுவரும் சாலையும் ஒரு முறையா நனைகின்றன? ஊறும்போது களி உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது. சிமெண்டின் பிடி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தளர்கிறது. அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். டி 559 சோதனை இதைத்தான் ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவருகிறது. ஒரே கலவையில் இரண்டு உருளை செய்து ஏழு நாள் ஈரத்தில் வை. பிறகு 5 மணி நேரம் தண்ணீர், 42 மணி நேரம் 71 டிகிரி ஓவன். இப்படி 12 சுற்று. ஓர் உருளையைத் தேய்க்காமல் உயரமும் விட்டமும் அளந்து வா. உப்பலும் சுருக்கமும் அதில் தெரியும். மற்றதைச் சுற்றுக்கு ஒரு முறை கம்பி பிரஷால் மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும்: பக்கங்களில் 18 முதல் 20 இழுப்பு, இரு முனையிலும் நாலு நாலு.

கை அழுத்தம் கிட்டத்தட்ட 1.4 கிலோ இருக்க வேண்டும். இதை ஊகத்துக்கு விடாதே. உருளையைத் தராசுத் தட்டின் ஓரத்தில் நிறுத்தித் தேய்த்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கையைப் பழக்கு. மனம் இரங்கி மெல்லத் தேய்த்தால் கலவை தேறிவிடும், சாலை தேறாது. மணற்பாங்கான மண்ணுக்கு 14 சதவீதம் வரை எடை இழப்பை ஏற்பார்கள். களிக்கு 7 சதவீதம்தான்.

இன்னொன்று. அமெரிக்காவின் லாஸ் வேகஸில் ஸ்டூவர்ட் அவென்யூ என்ற சாலையில் சிமெண்டுக்குப் பதிலாகக் களியில் சுண்ணாம்பு கலந்து அடித்தளம் போட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து அது உப்பிக்கொண்டு எழுந்தது. மண்ணில் இருந்த சல்பேட், சுண்ணாம்போடும் களியின் அலுமினாவோடும் தண்ணீரோடும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற ஊசிப் படிகமாக வளர்ந்திருந்தது. ஏழாம் நாள் உடைத்துப் பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்காது. நம் பெரம்பலூர்ப் பக்கம் காரை ஊர்க் களிமண்ணிலும் ஜிப்சம் தகடு தகடாகக் கிடக்கிறது. அப்படிப்பட்ட மண் வந்தால் சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்கும் முன் சல்பேட் அளவைப் பார்த்துவிடு.

அடுத்த கலவையில் உருளைகளைக் கூடுதலாகவே இடித்து வை. சுற்றுக்குச் சுற்று எடை குறித்த நோட்டை எனக்கு அனுப்பு. ஒவ்வொரு முறையும் உதிரும் மண்ணையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டித் தேதி எழுதி வை. பொங்கலுக்கு வரும்போது பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா