உழைப்புக்கு ஒரு நோட்டு



எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கோவையில் ஒரு லேத் பட்டறையில் 22 வருஷமாக ஹெல்பர். "ஒழுங்கா உழைச்சா மொதலாளி கண்ணுல தானாப் படும்" என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன பாடம். அது பாதிதான் சரி என்று எழுதப்போகிறேன். அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். இதை அவருக்குப் படித்துக் காட்டப்போவதே நான்தானே!

நான் ஒன்பதாவது படிக்கும்போது நடந்தது. பட்டறையில் பம்ப் ஷாஃப்ட் கடைந்தால் ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் வந்தது. டூலை மாற்றினார்கள், ஆளைக்கூட மாற்றினார்கள். டெயில்ஸ்டாக் ஒரு பக்கமாக விலகியிருப்பதை அப்பாதான் கண்டுபிடித்து ஃபோர்மேனிடம் சொன்னார். (இரண்டு சென்டரும் நேர்கோட்டில் இல்லாவிட்டால் டேப்பர் விழும் என்று நாம் புத்தகத்தில் படிக்கிறோம்.) அடுத்த மாதம் ஃபோர்மேனுக்குச் சம்பளம் கூடியது. அப்பாவுக்கு ஒரு டீ வந்தது. "மெஷினுக்குத் தெரியும் கண்ணு, யாரு சரி பண்ணுனதுன்னு" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

ஃபோர்மேன் பொய் சொன்னாரா, இல்லை முதலாளி கேட்டபோது அப்பா பக்கத்தில் இல்லையா? இன்றுவரை தெரியாது. எங்கேயும் எழுதி வைக்கவில்லையே.

அதனால் போன விடுமுறையில் வேறொரு தொழிற்சாலைக்கு இன்பிளான்ட் டிரெயினிங் போனபோது 80 பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டேன். தேதி, ஜாப், டிராயிங்கில் உள்ள அளவு, மைக்ரோமீட்டரில் பார்த்த அளவு, எத்தனை ரிஜெக்ட், ஏன். 'கடினமாக உழைத்தேன்' என்று எழுதினால் யாரும் நம்ப வேண்டியதில்லை. 'காலையில் 12-ல் 3 ரிஜெக்ட். டூல் முனை தேய்ந்திருந்தது. மாற்றியபின் 12-ம் தேறியது' என்றால் கேள்வியாவது கேட்பார்கள். என் தப்பால் கெட்டதையும் எழுதினேன். சொல்லிக்கொடுத்த அண்ணன் பெயரையும் எழுதினேன்; அதை விட்டால் நானும் ஒரு ஃபோர்மேன்தான்! முதல் வாரம் சூப்பர்வைசரிடம் நீட்டியபோது "இதெல்லாம் எதுக்குப்பா?" என்றார். இரண்டாம் வாரம் ரிஜெக்ட் பக்கத்தை நின்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் அப்ரண்டிஸ் போவோம். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்துக்குள் டிப்ளமோக்காரர்கள் வந்தது 1973 திருத்தத்தில்தான். அதன்படி நாம் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, முடித்ததும் அங்கேயே வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நம் பயிற்சியின் முன்னேற்றத்தைப் பதிவு செய்து வைப்பது நிறுவனத்தின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், எனக்கும்தான்.

"நாமே போய்க் காட்டுறது தற்பெருமை இல்லையாடா?" என்றான் என் நண்பன். கணிதமேதை ராமானுஜன் 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா. 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதியபோது அதை அவர் மறைக்கவில்லை. நோட்டில் சேர்த்து வைத்திருந்த தேற்றங்களை வரிசையாக எழுதி அனுப்பினார், அவ்வளவுதான். அதே வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது. அதற்கு முன் அவர் எழுதிய வேறு பேராசிரியர்கள் கைகொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நோட்டு இருந்தால் மட்டும் போதாது, விஷயம் புரிந்த ஆளைத் தேடிப் பிடிக்கணும்.

இப்போது ராத்திரியில் அப்பா சொல்லச் சொல்ல அவருடைய 22 வருஷத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்த மெஷின், என்ன ஜாப் எல்லாம் சொல்கிறார். டெயில்ஸ்டாக் விஷயம் வந்ததும் தேதி கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தேதி தெரியல கண்ணு. செவ்வாக்கெழமை. அன்னிக்கு நல்ல மழை. எழுதிக்கோ."

— இறுதியாண்டு, இயந்திரவியல் துறை