கடல் கடந்த மலைச்செலவு

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே அமைந்த இலஞ்சியில் வாழ்வோர்க்கு மலையும் அருவியும் புதியன அல்ல. எனினும், இலங்கையின் மலைநாட்டை மோட்டார் வண்டியில் சுற்றிக் காணல் வேண்டும் என்னும் ஆவல் எங்கள் இல்லத்தில் எழுந்தது. வ. உ. சிதம்பரனார் 1906ஆம் ஆண்டில் நிறுவிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் கப்பல்கள் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சென்றன. நாங்களோ மதுரையிலிருந்து வானூர்தியிற் செல்வதெனக் கொண்டோம்.

செலவுத் திட்டத்தை வகுக்கும் பொறுப்பை எட்டாம் வகுப்பிற் பயிலும் என் பேத்தி ஏற்றாள். நிலப்படத்தின்மேல் நூலை வைத்து அளந்து, "தாத்தா, கொழும்பிலிருந்து கண்டி, நுவரெலியா வழியாகப் பண்டாரவளைக்கு ஒரே பகலிற் சென்றுவிடலாம்" என்றாள். நூல் நேராகச் செல்லும். மலைப்பாதை அவ்வாறு செல்லாதே! கொழும்பிலிருந்து கண்டி ஏறத்தாழ 115 கிலோமீட்டர். கண்டியிலிருந்து நுவரெலியா அதனினும் குறைந்த தொலைவே. ஆயினும், ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்திற்குப் பாதை வளைந்து வளைந்து ஏறுகின்றது. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியே சென்றோர், வளைவுகள் பிள்ளைகளின் வயிற்றைப் படுத்தும் பாட்டை அறிவர். ஆகவே, கண்டியில் ஓரிரவும், நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் ஈரிரண்டு இரவும் தங்குவதெனத் திட்டம் திருத்தம் பெற்றது.

அடுத்து எழுந்த வினா காலத்தைப் பற்றியது. ஆனி, ஆடித் திங்கள்களில் குற்றாலத்திற்குச் சாரலைக் கொணரும் தென்மேற்குப் பருவக்காற்றே இலங்கை மலைகளின் மேற்குச் சரிவிலும் மழை பொழிகின்றது; ஐப்பசி முதல் வடகிழக்குக் காற்று கிழக்குச் சரிவை நனைக்கின்றது. மழைக்காலத்து அருவிகள் அழகியனவே. ஆனால், மழையில் மண்ணும் சரியும். 2014 அக்டோபர் 29 அன்று, கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் மலைச்சரிவு பெயர்ந்து தொழிலாளர் குடியிருப்புகளை மூடிற்று. இவற்றையெல்லாம் எண்ணிக் கோடை விடுமுறையின் தொடக்கத்தைத் தேர்ந்தோம். அப்பொழுதும் பிற்பகலில் இடிமழை பெய்வதுண்டு. விடியலிற் புறப்பட்டு, நண்பகலுக்குள் தங்குமிடம் சேர்வது என்று வரையறை செய்துகொண்டோம்.

வண்டியை ஓட்டுவது யார்? என் மகன் தானே ஓட்ட விரும்பினான். அங்கும் நம் நாட்டைப் போலச் சாலையின் இடப்புறமே வண்டிகள் செல்லும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் பெறலாம். இலங்கையில் அதற்கு ஒப்புதலும் பெறல் வேண்டும். மருமகளோ, "மாமா, இவர்கள் வளைவைப் பார்ப்பார்களா, அருவியைப் பார்ப்பார்களா?" என்று வினவினாள். அதற்கு ஒருவரிடமும் விடையில்லை. அவ்வூர் ஓட்டுநர் ஒருவரை அமர்த்துவதென முடிவாயிற்று. கடவுச்சீட்டு, நுழைவிசைவு, கம்பளியாடை, மருந்து ஆகியவற்றை மருமகளே பார்த்துக்கொண்டாள்.

திட்டத்தில் நான் சேர்த்த இடம் ஒன்றே. கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் வழியில், 109 மீட்டர் உயரமுள்ள இறம்பொடை அருவிக்கு முன்னரே, கம்பளை என்னும் ஊர் உள்ளது. அதனருகே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று, அவர்கள் வாழ்ந்த வரிசை வீட்டிலேயே அமைந்துள்ளது. மலையெங்கும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தோன்றும் தேயிலை, தானே முளைத்ததன்று. ஜேம்ஸ் டெய்லர் என்பார் 1867இல் அதனைத் தோட்டப் பயிராக்கினார். அதற்கு முன்பு அங்கே காப்பி விளைந்தது. அக்காப்பிக்காகக் காடு திருத்தச் சென்றவர்கள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளின் ஏழை மக்கள். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர்.

"நம் ஊரிலிருந்தும் சென்றார்களா, தாத்தா?" என்று கேட்டாள் பேத்தி.

"நம் சீமையிலிருந்து சென்றார்கள், அம்மா. எந்தெந்த ஊர் என்பதை அங்கே உள்ளவர்களிடம் கேட்போம்" என்றேன்.

அவள் தன் ஏட்டை எடுத்தாள். கம்பளைக்கு நேரே எழுதியிருந்த 'அரை மணி' என்பதை அடித்துவிட்டு, 'முற்பகல் முழுவதும்' என்று எழுதினாள்.