வலி வரட்டும் என்னும் காத்திருப்பு

பிரசவத்தைப் பற்றி நம்மவரிடையே வழங்கிவரும் அபிப்பிராயங்களுள் மிகுந்த அபாயம் உடையது எது என்று கேட்டால், வலி எடுத்தால்தான் பிரசவம், அதுவரை அவசரமில்லை என்பதையே முதலில் சொல்வேன். மும்பையில் தாராவியின் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்துகளில், பனிக்குடம் உடைந்து பாவாடை நனைந்து நிற்கும் பெண்ணிடம், "வலி எடுக்கலையே, இப்பமே எதுக்கு ஆஸ்பத்திரிக்கு?" என்று நெல்லைப் பேச்சில் எழும் அந்த வார்த்தை, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் படித்த குடும்பங்களுக்குள் ராகுகாலம் கழியட்டும் என்ற வடிவத்தில் நுழைந்துவிடுகிறது.

சிசுவைச் சூழ்ந்துள்ள சவ்வு கிழியாமல் இருக்கும் வரையில், பிறப்புப் பாதையில் இயல்பாகவே வசிக்கும் கிருமிகள் கருப்பைக்குள் ஏறுவது அரிது. கிழிந்த கணத்திலிருந்து அவற்றுக்கு வழி திறந்துவிடுகிறது. அந்நிலையில் 18 மணி நேரம் கடந்துவிட்டால், பிறக்கும் குழந்தையின் மீது வைத்தியர்கள் தனிக் கவனம் வைக்கிறார்கள். நிறைமாதக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேருக்கு வலிக்கு முன்பே பனிக்குடம் உடைகிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒரு நாளைக்குள் வலி தானாகவே வந்து, தாயும் சேயும் சுகமாக இருந்துவிடுவதால், பாட்டிமாருடைய நம்பிக்கை பலமுறை பலித்ததாகவே தோன்றுகிறது. பலிக்காத வீட்டின் துக்கமோ விதியின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது.

எனவே நீர் கசியத் தொடங்கிய நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கேஸ் பேப்பரில் ஏற வேண்டிய முக்கியமான விவரம் அது. சுத்தமான வெள்ளைத் துணியை மடித்து வைத்துக்கொண்டால், கசிவது அடக்க முடியாமல் தொடர்கிறதா, தெளிவாக இருக்கிறதா, பச்சை படிந்திருக்கிறதா, துர்நாற்றம் வீசுகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். அநுபவமுள்ள கை அடிக்கடி உள்ளே பரிசோதித்தால் நல்லது என்பதும் தவறே. பரிசோதிக்கும் ஒவ்வொரு விரலும் கிருமியை மேலே ஏற்றக்கூடும்.

நீரெல்லாம் போய்விட்டால் குழந்தை வறண்டுவிடும் என்ற பயத்துக்கு அவ்வளவு ஆதாரம் இல்லை. பிற்பாதி மாதங்களில் பனிநீரின் பெரும்பகுதி சிசுவின் சிறுநீரே ஆகையால் அது ஊறிக்கொண்டே இருக்கும்.

வலிக்காகக் காத்திருப்போருக்கு நேர்மாறாக, குடம் உடைந்தாலே குழந்தைக்கு நிச்சயமாகத் தொற்று வந்துவிடும், வயிற்றைக் கிழிக்கத்தான் வேண்டும் என்று நடுங்குவோரும் உண்டு. பிரிட்டனின் கணக்குப்படி, நிறைமாதத்தில் குடம் உடையாத பெண்களின் குழந்தைகளில் 200-க்கு 1 என்றிருக்கும் கடுந்தொற்று, வலிக்கு முன் உடைந்தவர்களிடம் 100-க்கு 1 ஆகிறது. இரு மடங்குதான், ஆயினும் 99 குழந்தைகள் தப்புகின்றன. ஆறு நாடுகளில் 5,000-க்கு மேற்பட்ட ஸ்திரீகளிடம் நடந்து 1996-இல் வெளியான ஆராய்ச்சியிலும், உடனே மருந்து கொடுத்து வலியை வரவழைத்த வகையினருக்கும் காத்திருந்த வகையினருக்கும் சிசுத் தொற்றில் குறிப்பிடத்தக்க பேதம் காணப்படவில்லை. ஆனால் அங்கே காத்திருந்தவர்கள் வைத்தியருடைய பார்வையில், ஜுரம் பார்க்கப்பட்டுக் காத்திருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. மேலும் நம் நாட்டுச் சிசுக்களைத் தாக்கும் கிருமிகள் வேறு. தில்லி மருத்துவமனைகளைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வில் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா போன்ற, பல மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகளே முன்னின்றன.

தலைப்பிரசவத்துக்காக மும்பையிலிருந்து நாகர்கோவில் ரயிலேறும் பெண்ணுக்கு, பயணம் ஒரு நாளைத் தாண்டும். 37 வாரம் நிறையுமுன் வழியிலேயே குடம் உடைந்தால், ஊர் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கலாகாது. தாய்க்கு ஆன்டிபயாட்டிக்கும், வேண்டுமானால் சிசுவின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசியும் போட வேண்டிய தருணம் அது. அடுத்த பெரிய ஸ்டேஷனிலேயே இறங்கிவிட வேண்டும்.

பிறந்த பின்பும் ஒரு மயக்கம் நம்மை ஏமாற்றுகிறது. ஜுரம் இல்லையே, தொற்று எங்கிருந்து வரும் என்கிறோம். தொற்றுற்ற பச்சிளம் குழந்தையின் உடல் சுடுவதற்குப் பதிலாகச் சில்லிட்டும் போகலாம். முலையைப் பிடித்துச் சப்பாமை, நிமிஷத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழ் குழிவிழுதல், எழுப்பினாலும் எழாத சோர்வு ஆகியவையே அடையாளங்கள். "சாதுக் குழந்தை, அழவே மாட்டேங்குது" என்று உறவினர் மெச்சும் குழந்தையை நான் மிகுந்த கவலையோடு பார்ப்பேன். இத்தகைய தொற்று பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்துக்குள் தலைகாட்டுவதால், வீட்டில் மூத்த பிள்ளை தனியே இருக்கிறதே என்ற நியாயமான தவிப்போடு மறுநாளே டிஸ்சார்ஜ் கேட்கும் தாயிடம், இன்னும் இரண்டு நாள் பொறுங்கள் அம்மா என்று மன்றாடத் தோன்றுகிறது.

முதல் வாய்க்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கும் வழக்கமும் இந்த நாட்களில் விலக்கத்தக்கது. சீம்பாலே கிருமிகளை எதிர்க்கும் முதல் காப்பு. தாராவிக்கு அடுத்தாற்போல் இருக்கும் சயான் ஆஸ்பத்திரியில், சிசு வைத்திய நிபுணர் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989-இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கியது, நோயுற்ற குழந்தைகளுக்கும் தாய்ப்பாலே கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். செலவுக்கு அஞ்சித் தயங்குவோரும், பிறந்த குழந்தை நோயுற்றால் அரசாங்க மருத்துவமனைகளில் இலவசமாகச் சிகிச்சை பெற 2011-ஆம் ஆண்டுத் திட்டம் உரிமை அளித்திருப்பதை அறிந்திருக்க வேண்டும்.