பாக்கெட் மில்லிங்: எல்லைக்கோடு போடும்போது கவனிக்க

கணக்குக்கு ஒரு ஜாப்பை எடுத்துக்கொள்வோம். அலுமினியம் 6061, 80க்கு 50 மி.மீ. பாக்கெட், ஆழம் 20 மி.மீ., மூலை ரேடியஸ் 6 மி.மீ. கையில் இருப்பது 10 மி.மீ. எண்ட் மில். கீழே வரும் அளவுகளெல்லாம் இதை வைத்துத்தான்.

1. கோட்டை கிளிக் செய்யும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இந்த எல்லை கட்டரின் விளிம்புக்கா, மையத்துக்கா? மாஸ்டர்கேமிலும் ஃப்யூஷனிலும் இதற்கு மூன்று தேர்வுகள் உண்டு. ‘உள்ளே’ என்று கொடுத்தால் கட்டர் மையம் 70க்கு 40 இடத்துக்குள்தான் நடமாடும். வெட்டு சரியாக 80க்கு 50 வரும். ‘மையம் கோட்டின் மேல்’ என்றால் வெட்டு 90க்கு 60 ஆகிவிடும். ‘வெளியே’ என்றால் 100க்கு 70 வரை போகும். தொழிலுக்கு வந்த புதிதில் இதைப் பார்க்காமல் ஓட்டி, 8 மி.மீ. சுவரை 3 மி.மீ. ஆக்கியிருக்கிறேன். அந்தப் பீஸை எடுத்து வைத்த கை நடுக்கம் இன்றும் நினைவிருக்கிறது. திட மாடலைப் பார்த்து ஓடும் முப்பரிமாண பாத் சுவரை ஓரளவு தானே காத்துக்கொள்ளும். வெறும் ஸ்கெட்ச் கோட்டை நம்பி ஓடும் பாத்துக்கு அந்தக் காவல் கிடையாது.

2. மூடிய பாக்கெட்டுக்கு ‘உள்ளே’ என்பதையே பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டும் மேல்முகம் சமன் செய்யவும் திறந்த ஓரங்களுக்கும் உதவும்.

3. மூலை ரேடியஸ் 6 என்றதும் 12 மி.மீ. கட்டரை எடுக்காதீர்கள். அது மூலையில் அச்சாகப் பொருந்தி, ஒரே நேரத்தில் கால் வட்டம் முழுக்க உலோகத்தைத் தொடும். கீச்சென்று சத்தம் வரும், சுவரில் அலை அலையாகக் கோடு விழும். 10 மி.மீ. கட்டர் மூலையைச் சுற்றும், ஆனால் அதன் மையம் போகும் வளைவின் ரேடியஸ் 1 மி.மீ.தான். மையம் நகரும் வேகத்தைவிட ஆறு மடங்கு வேகத்தில் வெட்டும் விளிம்பு சுவரில் ஓடும். 8 மி.மீ. எடுத்தால் மைய வளைவு 2 மி.மீ., வேகம் மூன்று மடங்கோடு நிற்கும். அதனால் ரஃபிங் 10இல் முடித்து, ஃபினிஷிங்கை 8இல் செய்வது என் வழக்கம். 8 கிடைக்காவிட்டால் மூலைகளில் மட்டும் ஃபீடைக் குறைத்து விடுங்கள்.

4. ஒரு பக்கம் திறந்த பாக்கெட்டா? அந்தப் பக்கத்துக் கோட்டை ஜாப்பின் ஓரத்தோடு நிறுத்தினால், இரண்டு முனைகளிலும் கட்டர் ரேடியஸ் அளவு உலோகம் வளைவாக மீந்து நிற்கும். பக்கச் சுவர்களின் கோட்டை நேராக வெளியே நீட்டி, கட்டர் ரேடியஸ் 5, அதோடு 2 சேர்த்து 7 மி.மீ. தள்ளி மூடுங்கள். கட்டர் காற்றிலேயே இறங்கி, பக்கவாட்டில் நுழைய வேண்டுமானால் 7 போதாது, கட்டர் விட்டமான 10 மி.மீ.க்கு மேல் நீட்டுங்கள். நீட்டிய இடத்தில் வைஸ் தாடையோ கிளாம்ப்போ நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

5. நடுவில் மேடு இருந்தால் அதன் கோட்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். விட்டுவிட்டால் மேடும் சேர்ந்து போய்விடும். மேட்டுக்கும் சுவருக்கும் இடையே 9 மி.மீ. சந்து என்றால் 10 மி.மீ. கட்டர் அங்கே நுழையாது. பல நேரம் மென்பொருள் அதை உரக்கச் சொல்வதும் இல்லை. அந்தச் சந்துக்குச் சிறிய கட்டரில் தனி பாத் போடுங்கள்.

6. சுவர் சாய்வாக இருந்தால் மேல் விளிம்பா, கீழ் விளிம்பா என்பது முக்கியம். 3 டிகிரி சாய்வில் 20 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பக்கம் சுமார் 1 மி.மீ. வித்தியாசம். மேல் விளிம்பை எல்லையாக்கி நேராக இறக்கினால் அடிச்சுவரில் 1 மி.மீ. வெட்டு விழும். ரஃபிங்குக்குக் கீழ் விளிம்பே பத்திரம்.

7. சுருளாக இறங்கும்போது மையம் சுற்றும் வட்டத்தின் விட்டம் 10 மி.மீ.க்குக் குறைவாக இருக்கட்டும். கூடினால் நடுவில் தூண் மிஞ்சும். எல்லை குறுகலாக இருந்து அந்த வட்டத்துக்கே இடம் இல்லையென்றால் பாத் காலியாக வரும், அல்லது நேராகக் குத்தி இறங்கும். இரண்டாவதுதான் கட்டரை ஒடிக்கும்.

8. எல்லைக்கோடு காப்பது கட்டரை மட்டும். ஹோல்டர் அதன் கணக்கில் வராமல் போகலாம். 20 மி.மீ. ஆழத்துக்குக் கட்டரை 25 மி.மீ.யாவது வெளியே நீட்டி, சிமுலேஷனில் ஹோல்டரையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.

9. ரேடியஸை ஒரே இடத்தில் கழியுங்கள். மென்பொருள் ஏற்கெனவே 5 மி.மீ. தள்ளிப் போட்ட பாத்தில், மெஷினில் ஜி41 ஆஃப்செட்டிலும் ஆப்பரேட்டர் 5 என்று போட்டால் பாக்கெட் ஒரு பக்கத்துக்கு 5 மி.மீ. சிறிதாகும். ‘வியர்’ முறையில் ஓட்டினால் அந்த இடத்தில் முதலில் 0 இருக்க வேண்டும். இதை செட்டப் ஷீட்டில் கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள். முதல் பீஸை அளந்து 79.94 வந்தால், ஒரு பக்கத்துக்கு 0.03 குறைகிறது. ஆஃப்செட்டில் மைனஸ் 0.03 கொடுத்து ஃபினிஷிங்கை மட்டும் மறுபடி ஓட்டுங்கள், 80.00 வந்துவிடும்.