எதிராளிகளும் போற்றிய ஆட்டக்காரர்

சதுரங்கம் ஆடுவோரிடையே மானுவல் ஆரனின் பெயர் இன்றும் மதிப்போடு சொல்லப்படுகிறது. ஆனந்தும் அவருக்குப் பின்வந்த இளைஞரும் அவரினும் பெரும்புகழ் அடைந்துவிட்டனர். ஆயினும் அம்மதிப்பு குறையவில்லை. ஏன் என்று ஆராய்வதே என் நோக்கம். 1935-இல் பர்மாவில் பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்து, அலகாபாத்தில் அறிவியல் பட்டம் பெற்றவர் அவர். பிற மாநிலத்தில் அறிவியல் பயிலும் நமக்கு அவரிடம் தனிப் பற்று உண்டாவதும் இயல்பே.

அவர் செய்ததன் அருமையை உணர, நம் நாட்டுச் சதுரங்கத்தை முதலில் அறிய வேண்டும். கோலார் தங்கவயலில், பாலகாட்டுத் தொழிலாளர் குடியிருப்பில், என் பாட்டனார் எனக்குக் கற்பித்தது அந்த ஆட்டந்தான். (2001-இல் சுரங்கங்களை மூடிய பின் ஆடுவதற்குப் பொழுதுக்கா பஞ்சம் என்பார்!) அதில் காலாள் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும். கோட்டை கட்டும் வழக்கம் இல்லை. அதற்கு மாறாக, ‘செக்’ வாங்காத ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போலப் பாயலாம். விதிகள் ஊருக்கு ஊர் மாறும். ஆட்டம் சுவையானதே, ஆனால் பன்னாட்டு அரங்கில் இப்பயிற்சி போதாது. அங்கே தொடக்க நகர்த்தல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து நூல்களில் எழுதி வைத்திருந்தனர். முன்னோர் செய்த சோதனைகளைப் படியாமல் ஆய்வுக்கூடத்தில் நுழைபவனின் நிலைதான் நம்மவர் பலருடைய நிலை.

1961-இல் ஆஸ்திரேலியாவின் பர்டியை வென்று, இந்தியரில் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார் ஆரன். மறு ஆண்டு, உலகப் பட்டத்திற்கான தகுதிப் போட்டி ஸ்டாக்ஹோமில் நடந்தது. ஆடியவர் 23 பேர். ஆரனுக்குக் கிடைத்தது கடைசி இடம். ஆனால் அங்கே அவரிடம் தோற்றவர்கள் யார்? ஒருவர் கிழக்கு ஜெர்மனியின் ஊல்மன். மற்றவர் ஹங்கேரியின் லாயோஷ் போர்ட்டிஷ்! 1978 ஒலிம்பியாடில் சோவியத் அணியைப் பின்தள்ளித் தங்கம் வென்ற ஹங்கேரி அணிக்கு முதற் பலகையில் ஆடியவர் இந்தப் போர்ட்டிஷ்தான். பட்டியலின் அடியில் நின்ற ஒருவர் அத்தகையவரை வீழ்த்தினார் என்பதை ஆட்டம் அறிந்தவர்கள் மறப்பதில்லை.

எனினும் வெற்றி மட்டும் சக ஆட்டக்காரரின் அன்பைத் தேடித் தருவதில்லை. தேர்வு நெருங்கினால் குறிப்பேட்டை ஒளித்து வைக்கும் நண்பர்களை நாம் அறிவோமல்லவா? ஆரன் அவ்வாறு செய்யவில்லை. பன்னாட்டு விதிகளைப் பரப்பினார். ஆட்டக் குழுக்களை அமைத்தார். நூல்களைப் படிக்குமாறு பிறரைத் தூண்டினார். அப்படித் தூண்டப்பட்டவர்கள் நாளை அவருக்கே எதிரே அமரக்கூடியவர்கள்! அவ்வாறிருந்தும் 1959 முதல் 1981 வரை ஒன்பது முறை தேசிய வாகை அவருடையதே.

1972-இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில், ஆரனின் முயற்சியோடு தால் சதுரங்கக் கழகம் தோன்றியது. சிறுவன் விசுவநாதன் ஆனந்த் ஆடிப் பழகியது அங்கேதான். 1988-இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதற்குப் பத்தாண்டு முன்பே, 1978-இல், நாட்டின் இரண்டாவது சர்வதேச மாஸ்டர் வந்துவிட்டார். அவர் வி. ரவிக்குமார், அவரும் தமிழ்நாட்டவரே. அதுவரை 17 ஆண்டுகள் அப்பட்டத்தோடு ஆரன் தனியே நின்றிருந்தார்.