மொட்டை முட்டையை ஏன் கழித்தார்கள்?

கேள்வி: ஆய்வகத்தில் கரு உருவாக்குவதற்காக எங்கள் கிர் பசுவிலிருந்து 17 கருமுட்டை எடுத்தார்கள். மைக்ரோஸ்கோப்பில் எனக்கும் காட்டினார்கள். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்த 8 முட்டைகளைக் கழித்துவிட்டு, அழுக்கு அப்பியதுபோல் இருந்தவற்றை வைத்துக்கொண்டார்கள். இது சரிதானா?
– பல்லடம் வாசகர்

பதில்: சரிதான். நீங்கள் அழுக்கு என்று நினைத்தவை குமுலஸ் செல்கள். முட்டைக்குச் சோறு போடுவதே அவைதான். முட்டையின் உறையைத் துளைத்து, மெல்லிய இழைகளை நீட்டி, வேண்டிய சத்தை உள்ளே அனுப்புகின்றன. எடுத்த முட்டை ஆய்வகத்தில் 38.5 டிகிரி சூட்டில் 22 முதல் 24 மணி நேரம் இருந்து முதிர வேண்டும். இந்தச் செல்கள் இல்லாமல் மொட்டையாக வந்த முட்டை கருவாவது அரிது.

செல்கள் நாலைந்து அடுக்காக நெருக்கமாக மூடியிருந்தால் முதல் தரம். ஓரிரு அடுக்கு மட்டும் இருந்தாலோ, ஒரு பக்கம் வெறுமையாக இருந்தாலோ அடுத்த தரம். இறைச்சிக்கூடத்துச் சினைப்பையிலிருந்து எடுத்ததென்றால் இரண்டாம் தரத்தைத் தள்ளிவிடலாம், வேறு கிடைக்கும். நல்ல கறவைப் பசுவின் முட்டையில் அந்தத் தாராளம் ஆகாது. நானாக இருந்தால் வைத்துக்கொள்வேன்.

நிறத்தை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். உட்பகுதி ஒரே சீராகக் கறுத்திருந்தால் கொழுப்புத் துளிகள் சேர்ந்திருக்கின்றன என்று பொருள், அது நல்லதே. வெளிறிய முட்டையில்தான் சரக்கு குறைவு. சுற்றியுள்ள செல்கள் பிரிந்து, கறுப்புக் கட்டிகளாகக் கிடந்தால் மட்டும் யோசிக்காமல் கழிக்கலாம்.

பிரில்லியன்ட் கிரெசில் புளூ என்ற சாயத்தில் ஊறவைத்துப் பார்க்கும் முறையும் உண்டு. வளர்ந்து முடிந்த முட்டை நீலமாகவே நிற்கும்; வளர்ச்சி முடியாதது தன் நொதியால் சாயத்தை வெளுக்கச் செய்துவிடும். ஒன்றரை மணி நேர வேலை. அன்றாடத்துக்குக் கண்பார்வையே போதும். எப்படித் தேர்ந்தெடுத்தாலும், 100 முட்டைக்கு 30, 40 கரு, கருவூட்டிய ஏழாம் நாளில் தேறினாலே நல்ல ஆய்வகம்.

எனக்கு உறுத்துவது வேறு. 17-இல் 8 மொட்டை என்பது அதிகம். ஸ்கேன் பார்த்து ஊசியால் உறிஞ்சும்போது பம்பின் இழுப்பு கூடினால் செல்கள் உரிந்துவிடும். அடுத்த முறை முட்டை எடுக்குமுன் பம்பை எந்த அழுத்தத்தில் வைக்கிறார்கள் என்று கேளுங்கள். தரவாரியாக முட்டைகளை எண்ணிக் குறித்த தாளையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.